கசப்பை இழந்த கொடி

பிரேசிலின் வடகிழக்கு மாநிலங்களில் முதல் மழை விழுந்த சில வாரங்களில் சோளக் கொல்லைகளிலும் வீட்டுப் பின்புறங்களிலும் யாரும் விதைக்காமலேயே ஒரு கொடி முளைத்துப் படரும். தர்ப்பூசணியின் இலையைச் சிறிதாக்கியதுபோன்ற, ஆழமாக வெட்டுண்ட இலைகள். மஞ்சள் நிறத்தில் சிறு பூக்கள். நீண்ட காம்பின் நுனியில் கோழி முட்டையைவிடச் சற்றே சிறிய, உடலெங்கும் மென்முட்கள் கொண்ட பச்சைக் காய். முற்றுவதற்குள் பறித்து, முட்களைக் கத்தியால் சுரண்டிவிட்டு, உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சியோடும் வெண்டைக்காயோடும் தேங்காய்ப்பாலில் வேகவைக்கிறார்கள். காய்க்குப் பெயர் மஷீஷி. குழம்புக்குப் பெயர் மஷிஷாடா. வெள்ளரியின் சுவைதான், ஆனால் மெல்லிய புளிப்பு ஒன்று அடியில் ஓடும் என்பார்கள்.

இதே காயைக் கரீபியத் தீவுகளில் ஆங்கிலம் பேசுவோர் மேற்கிந்திய கெர்க்கின் என்றழைத்தனர். தாவரவியலில் குகுமிஸ் அங்குரியா. பெயர் வைத்தவர் லின்னேயஸ், ஆண்டு 1753. அவர் இதன் ஊராகக் குறித்தது ஜமைக்காவை. அந்த ஒற்றைச் சொல் பிழையானது என்று நிறுவ ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. ஒரு வீட்டுத் தோட்டக் காய் எந்த ஊருக்குச் சொந்தம் என்பது பெரிய கேள்வியா என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். இந்தக் காயைப் பொறுத்தவரை அது யார் தோட்டக்காரர், யார் வெறும் கூலி என்ற கேள்வியாகவும் இருந்துவந்திருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கெர்க்கின் என்றதும் நம்மில் பலருக்குக் கண்ணாடிக் குப்பியில் வினிகரில் மிதக்கும் விரலளவு வெள்ளரி நினைவுக்கு வரும். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஒப்பந்த முறையில் பயிரிட்டு, பிஞ்சிலேயே பறித்து, உப்புநீரில் ஊறவைத்து அயல்நாடுகளுக்கு அனுப்பப்படும் கெர்க்கின் அதுவே. அது சாதாரண வெள்ளரியின் பிஞ்சு. தனி இனம் அன்று. இந்த ஏற்றுமதிப் பயிருக்கும் நாம் பேசும் முட்காய்க்கும் பெயர் ஒற்றுமையைத் தவிரத் தொடர்பில்லை. சொல்லின் பயணமும் சுவையானது. வெள்ளரிக்கு இடைக்காலக் கிரேக்கத்தில் வழங்கிய அங்கூரியோன் என்ற சொல் ஸ்லாவிய மொழிகளுக்குள் ஏறி, அங்கிருந்து டச்சு மொழிக்கு வந்து, டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குக் கெர்க்கினாகப் போயிற்று. சாமுவேல் பெப்பீஸ் தம் நாட்குறிப்பில் 1661 டிசம்பரில் ஒரு குப்பி கெர்க்கினைத் திறந்ததை அரிய பொருளாகக் குறித்திருக்கிறார். லின்னேயஸ் சூட்டிய அங்குரியா என்ற பெயரும் அதே கிரேக்க வேரிலிருந்து வந்ததுதான். இத்தாலியின் வடபகுதியில் இன்றும் அங்குரியா என்று கேட்டால் தர்ப்பூசணியைக் கொடுப்பார்கள். ஆக, ஒரே சொல் மூன்று காய்களுக்கு. பெயரைக் கொண்டு ஊரைத் தேடுவது பயன் தராது என்பதற்கு இது போதும்.

ஆனால் பிரேசிலியப் பெயரின் கதை வேறு. மஷீஷி என்பது போர்த்துக்கீசியச் சொல்லோ, பிரேசிலின் பழங்குடிகளான டூப்பி மக்களின் சொல்லோ அன்று. அங்கோலாவில் பேசப்படும் கிம்புண்டு மொழியிலிருந்து அது வந்தது என்று அகராதிகள் காட்டுகின்றன. வெண்டைக்காய்க்குப் பிரேசிலில் வழங்கும் கியாபு, கசப்பான சிறு கத்தரிக்கு வழங்கும் ஜிலோ ஆகியவற்றையும் அதே மொழியோடு இணைக்கிறார்கள். ஒரே சட்டியில் வேகும் மூன்று காய்களும் ஒரே மொழியின் பெயரைத் தாங்கிநிற்கின்றன. இவ்வளவு வெளிப்படையாக ஒரு சாட்சி சமையலறையில் கிடக்க, ஐரோப்பிய அறிஞர்கள் உலர்தாவரத் தொகுப்புகளில் விடை தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது நமக்கு வியப்பளிக்கிறது. சமைப்பவர்களிடம் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

கேட்டவர்களும் இல்லாமல் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பிரேசிலின் வடகிழக்குக் கரை டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. ஆளுநர் யோகான் மௌரிட்ஸ் தம்மோடு ஓவியர்களையும் இயற்கையறிஞர்களையும் அழைத்துவந்திருந்தார். அவர்களில் ஒருவர் கியோர்க் மார்க்கிரேவ் என்ற இளம் ஜெர்மானியர். 1638 தொடங்கி ஆறாண்டுகள் அளவில் அவர் அங்கே செடிகொடிகளையும் மீன்களையும் பறவைகளையும் குறித்துவைத்தார். 1648-இல் அச்சேறிய 'பிரேசிலின் இயற்கை வரலாறு' என்ற பெருநூலில் காட்டு வெள்ளரி ஒன்றும் இடம்பெற்றிருக்கிறது. அது இந்த மஷீஷிதான் என்று பின்வந்தோர் கொண்டனர். வெண்டை போன்ற சில செடிகளுக்கு ஆப்பிரிக்கர் வழங்கிய பெயரையும் மார்க்கிரேவ் பதிவுசெய்திருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது. அந்த நூலை அவர் அச்சில் பார்க்கவில்லை. கம்பெனி அவரை அட்லாண்டிக்கின் மறுகரைக்கு, 1641-இல் டச்சுக்காரர் கைப்பற்றியிருந்த லுவாண்டா துறைமுகத்துக்கு அனுப்பிற்று. அங்கோலாவின் அந்தத் துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு 1644-ஆம் ஆண்டளவில் இறந்துபோனார். பிரேசிலுக்கு அடிமைகளை ஏற்றியனுப்பிய துறைமுகங்களில் லுவாண்டா முதன்மையானது. பிரேசிலின் செடிகளை எழுதிய மனிதர், அச்செடிகளில் சிலவற்றின் பெயர்கள் புறப்பட்ட ஊருக்கே வந்து மடிந்திருக்கிறார். சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தால் அங்கே வேலியோரத்தில் படர்ந்திருந்த கொடிகளையும் அவர் குறித்திருப்பாரோ என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஐயம் வலுத்தது. 1859-இல் பாரிஸ் அருங்காட்சியகத்தின் ஷார்ல் நோதன் வெள்ளரிப் பேரினத்தின் இனங்களைத் தோட்டத்தில் வளர்த்துப் பார்த்து ஒழுங்குபடுத்தினார். 1882-இல் வெளியான தம் 'பயிர்ச்செடிகளின் தோற்றம்' நூலில் அல்போன்ஸ் து கந்தோல் இக்கொடியின் பிறப்பிடத்தைக் கேள்விக்கு உள்ளாக்கினார். காரணம் எளியது. குகுமிஸ் பேரினத்தின் மற்ற இனங்கள் யாவும் பழைய உலகத்தைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பான்மை ஆப்பிரிக்காவில் உள்ளவை. ஒன்றுமட்டும் பெருங்கடலைத் தாண்டி அமெரிக்காவில் தனியே தோன்றியது எப்படி? ஆனால் எதிர்த்தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆப்பிரிக்காவில் கசப்பற்ற இந்தக் காயை யாரும் காட்டில் கண்டதாகச் சொல்லவில்லை. அங்கே கிடைத்தவை எல்லாம் கசப்புக் காய்கள்.

அப்படிக் கிடைத்த கசப்புக் காய்களில் ஒன்றுக்கு 1871-இல் ஜோசப் ஹூக்கர் குகுமிஸ் லாங்கிப்பெஸ் என்று பெயரிட்டிருந்தார். நெடுங்கால் என்று பொருள்; காயின் நீண்ட காம்பைக் கருதி வைத்த பெயர். முட்கள் இன்னும் நீளம், காய் நாவில் வைக்க முடியாத கசப்பு. மற்றபடி இலையும் பூவும் காம்பும் ஜமைக்காக் கொடியை ஒத்திருந்தன. இரண்டும் இரு வேறு கண்டங்களின் இரு வேறு இனங்கள் என்று மேலும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நூல்கள் எழுதிக்கொண்டிருந்தன.

விடையைத் தந்தவர் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய டச்சுத் தாவரவியலர் மியூஸ். அவர் செய்தது மிக எளிய காரியம். இரண்டையும் அருகருகே வளர்த்து ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் இட்டார். இனம் வேறானால் விதை பிடிக்காது, அல்லது பிறக்கும் செடி மலடாக இருக்கும். இங்கே பிறந்த செடிகள் குறைவின்றிக் காய்த்தன. அவற்றின் வழித்தோன்றல்களும் காய்த்தன. கசப்பு, கசப்பின்மை என்ற வேறுபாடு பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவின் ஆட்டம் என்பதும் தெரிந்தது. கசப்பு ஓங்கிய பண்பு, கசப்பின்மை ஒடுங்கியது. 1958-இல் இம்முடிவை அவர் வெளியிட்டார். மேற்கிந்திய கெர்க்கின் என்பது ஆப்பிரிக்கக் காட்டுக் கொடியின் கசப்பிழந்த வடிவம், அவ்வளவே. இன்று தாவரவியலர் இரண்டையும் ஒரே இனத்தின் இரு வகைகளாகவே வைக்கிறார்கள்.

இந்த ஒற்றை மரபணுச் செய்தியில் நாம் சற்று நின்று போக விரும்புகிறோம். வெள்ளரிக் குடும்பத்தின் கசப்புக்குக் காரணம் குகுர்பிட்டாசின் எனும் வேதிப்பொருள். பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. தற்செயலாக ஏதோ ஒரு செடியில் அந்த ஆயுதம் பழுதுபட்டுவிடுகிறது. காட்டில் அச்செடி நெடுநாள் தங்காது. பன்றியோ மானோ தின்று முடித்துவிடும். அது நிலைக்கவேண்டுமானால் அந்தக் காயை யாரோ ஒருவர் கடித்துப் பார்த்திருக்க வேண்டும். கசக்கவில்லை என்று அறிந்து, விதையை எடுத்துவைத்து, கசப்புக் கொடிகளை அண்டவிடாமல் தனியே நட்டிருக்க வேண்டும். அடுத்த தலைமுறையிலும் கடித்துப் பார்த்திருக்க வேண்டும். மகரந்தம் கலந்தால் ஓங்கிய கசப்பு உடனே திரும்பிவிடும். இது தற்செயலாக நடக்கும் வேலையன்று, பயிர்த்தேர்வு. கசப்பு மகரந்தம் எட்டாத தொலைவில், கடலுக்கு அப்பால் நடும்போது அந்த வேலை பெரிதும் எளிதாகிவிடுகிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடலைத் தாண்டியது எப்படி? பதினாறாம் நூற்றாண்டு தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பிரேசிலில் மட்டும் 48 லட்சம்பேர் அளவில் இறக்கப்பட்டனர். இவ்வளவு பேருக்குக் கடல்நடுவே உணவிட ஆப்பிரிக்கக் கரையிலேயே கிழங்கும் அரிசியும் தினையும் மூட்டை மூட்டையாக வாங்கி ஏற்றினார்கள். மிச்சப்பட்டவை மறுகரையில் முளைத்தன. ஜூடித் கார்னியும் ரிச்சர்ட் ரொசமொஃபும் 2009-இல் வெளியிட்ட நூல் இவ்வழியை விரிவாக ஆராய்கிறது. சுரினாமின் மரூன் மக்களிடையே, முன்னோர் பெண்கள் தலைமுடிக்குள் நெல்லை ஒளித்துக் கொண்டுவந்தார்கள் என்றொரு வாய்மொழிக் கதை உண்டு. கேட்பவர் நெஞ்சைத் தொடும் கதை. ஆனால் அதை நம் முட்காய்க்கும் ஏற்றிச் சொல்லச் சிலர் ஆசைப்படுவதை நாம் ஏற்கத் தயங்குகிறோம். நெல்லுக்குச் சொன்னது நெல்லுக்கு. இந்தக் கொடி கப்பலேறிய நாளைக் குறித்த ஏடு எதுவும் இல்லை. கப்பல் கணக்குகளில் மனிதர்களே எண்ணிக்கையாகத்தான் இருந்தார்கள். சான்று செடியின் உடலிலும் அதன் கிம்புண்டுப் பெயரிலும் இருக்கிறது. அது போதாதா?

வந்து சேர்ந்த பிறகு அது எங்கே வளர்ந்தது என்பது தெளிவாகவே தெரியும். ஜமைக்காவின் கரும்புத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்கு முழு உணவு வழங்கவில்லை. கரும்புக்கு உதவாத மலைச்சரிவுகளில் ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்து, நீங்களே விளைவித்து உண்ணுங்கள் என்று விட்டார்கள். 1687-இல் ஆளுநரின் மருத்துவராக அத்தீவுக்குச் சென்ற ஹான்ஸ் ஸ்லோன், சனிக்கிழமைப் பிற்பகலும் ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் தம் நிலத்தைப் பண்படுத்த விடப்பட்டதை எழுதியிருக்கிறார். ஆறு நாள் கரும்பு வெட்டிய கைகள் ஏழாம் நாள் கிழங்கு நட்டன. முதலாளிக்குச் செலவு மிச்சம். அதில் கருணை ஒன்றும் இல்லை. ஆயினும் அந்தத் துண்டு நிலத்தில் எதை நடுவது என்பதை அடிமைகளே தீர்மானித்தார்கள். தம் ஊரின் கிழங்கு, வெண்டை, தட்டைப்பயறு எல்லாம் அங்கே வேர்பிடித்தன. விளைச்சலில் மிஞ்சியதை ஞாயிற்றுச் சந்தையில் விற்றுக் காசு சேர்த்தவர்களும் உண்டு. ஊரிலிருந்த வெள்ளையர்கள் காய்கறிக்கு அந்தச் சந்தையையே நம்பியிருந்தார்கள். லின்னேயஸ் ஜமைக்காவின் செடி என்று எழுதியது, பெரும்பாலும் இத்தகைய தோட்டங்களையும் அவற்றின் ஓரங்களையும் கண்டவர்களின் சொல்லை நம்பித்தான் இருக்கும்.

ஜமைக்காவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போனது 1793-இல். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்து விதை வணிகர் மின்டன் காலின்ஸ் அதை அறிமுகப்படுத்தினார் என்பது அந்நாட்டுத் தோட்ட வரலாற்றில் நிலைபெற்ற செய்தி. பழவிதைகளைக் காப்போரின் பட்டியல்களில் இன்றும் காலின்ஸின் பெயர் தவறாமல் வருகிறது. அவருக்குரிய பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காயின் நீண்ட வரலாற்றில் பெயர் தெரிந்த முதல் தோட்டத்துறை மனிதர் ஒரு கடைக்காரர் என்பது கவனிக்கத்தக்கது.

அதே வர்ஜீனியாவில் தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகை இருந்தது. மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து ஆயிரம் அடி நீளத்துக்கு அவர் அமைத்த காய்கறித் தோட்டம் பெயர்பெற்றது. எந்த நாளில் எதை விதைத்தார், எப்போது மேசைக்கு வந்தது என்று குறிப்பெழுதிவைத்த மனிதர் அவர். மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் அடிமைகள். அந்த வீட்டில் இன்னொரு கணக்கேடும் இருந்தது. ஜெஃபர்சனின் பெயர்த்தி ஆன் கேரி ராண்டால்ஃப் 1805 முதல் 1808 வரை எழுதியது. மாளிகைச் சமையலுக்காக அடிமைகளிடமிருந்து வாங்கிய கோழி, முட்டை, காய்கறிகளுக்குக் கொடுத்த சில்லறை அதில் வரவாகியிருக்கிறது. அவற்றுள் வெள்ளரியும் முட்டைக்கோசும் உண்டு. ஆயிரம் அடித் தோட்டத்தின் சொந்தக்காரர் வீட்டில், குடிசையோரத்துத் துண்டு நிலத்தின் வெள்ளரியைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்! அது சாதாரண வெள்ளரியா, ஜமைக்காக் காயா என்று பிரித்தறிய அந்த ஏட்டில் வழியில்லை. விற்றவர்களில் சிலரின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. விற்ற மனிதர் சட்டப்படி வாங்கியவரின் உடைமை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தோட்ட நூல்கள் இதை ஊறுகாய்க்குரிய காயாகவே கண்டன. ஃபியரிங் பர் 1863-இல் வெளியிட்ட காய்கறிக் கையேட்டில் முட்கெர்க்கின் என்று தனித் தலைப்பே இருக்கிறது. பிறகு வெள்ளரிப் பிஞ்சு ஊறுகாய் ஆலைகளுக்குள் போனதும் இது மெல்ல மறக்கப்பட்டு, அரிய விதை சேகரிப்போரின் கொல்லைக்குள் ஒடுங்கிவிட்டது. பிரேசிலில் மட்டும் அது ஒருநாளும் அரிதாகவில்லை.

வளர்ப்பில் சிக்கல் ஒன்றுமில்லை. வெப்பம் வேண்டும், குளிர்ந்த மண்ணில் விதை அழுகிவிடும். கொடி பத்தடிவரை தரையிலேயே படரும், பந்தல் கட்டாயமில்லை. விதைத்து இரண்டு மாதத்தில் பறிக்கத் தொடங்கலாம். காய் ஒன்றரை அங்குலம் இருக்கும்போது பறித்துவிட வேண்டும். விட்டால் விதை கடினப்பட்டு, தோல் மஞ்சளாகி, உண்ணத் தகாது. அடிக்கடி பறிக்கப் பறிக்கக் கொடி நிற்காமல் காய்க்கும். வேர்முடிச்சுப் புழுவுக்கு வெள்ளரி பணிந்துவிடும் மண்ணில்கூட இது ஓரளவு தாக்குப்பிடிப்பதால் ஆய்வாளர்கள் இதன்மேல் கண்வைத்திருக்கிறார்கள். ஆனால் வெள்ளரியோடு இது கலப்பதில்லை. வெள்ளரிக்குக் குரோமோசோம்கள் 14, இதற்கு 24. ஒரே பாத்தியில் அருகருகே நட்டாலும் விதை கெடாது என்பது தோட்டக்காரருக்கு நல்ல செய்தி. பயிர்க்கலப்பு செய்ய நினைப்பவருக்குக் கெட்ட செய்தி.

ஊர்ப்பெயர் தாங்கிய உறவு ஒன்று நம்மிடமும் இருக்கிறது. வேலிகளில் படர்ந்து கிடக்கும், சளிக்கு அடைக்கும் ரசத்துக்கும் நாம் பறிக்கும் முசுமுசுக்கைக்கு லின்னேயஸ் அதே 1753-ஆம் ஆண்டு நூலில் குகுமிஸ் மதராஸ்பட்டானுஸ் என்று பெயரிட்டார். சென்னப்பட்டணத்திலிருந்து கடல்கடந்துபோன மாதிரிகளின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. பின்வந்தோர் அதை வெள்ளரிப் பேரினத்திலிருந்து விலக்கி வேறு பேரினங்களில் மாற்றி மாற்றி வைத்தார்கள். 2007-இல் மரபணு ஆய்வுகள் அதைத் திரும்பக் குகுமிஸுக்கே கொண்டுவந்து சேர்த்தன. லின்னேயஸ் ஜமைக்காவில் தவறினார், மதராசில் சரியாகச் சொன்னார் எனலாம். 2010-இல் வந்த மற்றோர் ஆய்வு, வெள்ளரிக்கும் முலாமுக்கும் நெருங்கிய காட்டுறவுகள் ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருப்பதைக் காட்டிற்று. முட்காயின் கிளையோ ஆப்பிரிக்காவிலேயே நிற்கிறது. தென்னாப்பிரிக்கப் பகுதிகளில் இன்றும் அந்தக் கசப்புக் கொடியின் இளம் இலைகளைக் கீரையாகச் சமைக்கிறார்கள்.

பிரேசிலிய விதைக் கடைகளில் இப்போது முள்ளில்லாத, வழவழப்பான மஷீஷி ஒன்றும் கிடைக்கிறது. முள் சுரண்டும் வேலை மிச்சம் என்பதால் நகரத்து இல்லங்களில் அதற்கு வரவேற்பு. பொட்டலத்தின்மேல் அதற்கு அச்சிட்டிருக்கும் பெயர்: 'கல்கத்தா'.